ஆளில்லாத நாளில் கலைக்கப்பட்ட கிராமம்: யமகோஷியின் வெளியேற்றமும் திரும்புதலும் குறித்த நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில், நகாவோகா நகருக்குத் தென்கிழக்கே எழும் மலைகளுக்கு நடுவில், 2005 மார்ச் 31 வரை யமகோஷி என்ற பெயரில் ஒரு தனிக் கிராமம் இருந்தது. மறுநாள் அது நகாவோகா நகராட்சியோடு இணைக்கப்பட்டு, நிர்வாக வரைபடத்திலிருந்து கிராமம் என்ற தகுதியை இழந்தது. அந்த நாளில் அங்கே குடியிருந்தவர் எவரும் இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் மொத்தக் கிராமமும் வெளியேற்றப்பட்டு, மக்கள் அனைவரும் நகரின் ஓரத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட தற்காலிக வீடுகளில் தங்கியிருந்தார்கள். இல்லாத ஊரிலிருந்து வந்தவர்களாக அவர்கள் அந்த வீடுகளில் மூன்று குளிர்காலங்களைக் கழித்தார்கள். பிறகு அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் மலைக்குத் திரும்பினார்கள்.

பேரிடர் மீட்பைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த எண்ணிக்கையை வெற்றியின் சான்றாகக் காட்டுவதுண்டு. இந்த ஆய்வு அதை மறுக்கவில்லை. ஆயினும் அந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த முடிவுகள் எவை, அவை எந்த நேரத்தில், எந்தக் காரணத்தால் எடுக்கப்பட்டன, அவற்றால் ஆனது என்ன, ஆகாதது என்ன என்பதைக் கால வரிசையில் பதிவு செய்வதே இதன் நோக்கம். இதில் வரும் மனிதர்கள் பெயர் சுட்டப்படவில்லை.

சரியும் மண்ணில் அமைந்த ஊர்

யமகோஷி ஒற்றை ஊர் அல்ல. 1956 மார்ச் 31 அன்று தனேசுஹாரா, ஓத்தா, தகெசாவா, ஹிகாஷிதகெசாவா என்னும் நான்கு சிறு கிராமங்களின் பகுதிகள் சேர்ந்து அது உருவானது. நிலநடுக்கத்தின்போது அதற்குள் பதினான்கு சிற்றூர்கள் இருந்தன. மலை முகடுகளாலும் ஓடைகளாலும் பிரிந்து கிடந்த இந்தச் சிற்றூர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கோயிலும், திருவிழாவும், பனி அகற்றும் முறையும் இருந்தன. ஜப்பானிய மொழியில் இத்தகைய சிற்றூரை ‘சூராகு’ என்பார்கள். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லே திறவுகோல் என்பதால் இதை முதலிலேயே குறிப்பிட வேண்டியிருக்கிறது. வெளியாருக்கு யமகோஷி ஒரு கிராமம். அங்கே வாழ்ந்தவருக்கோ தம் சூராகுதான் ஊர்.

இந்த மலைகள் இறுகிய பாறையால் ஆனவை அல்ல. இளகிய களிப்பாறையும் மணற்பாறையும் மடிந்து உயர்ந்த குன்றுகள் அவை. நிலச்சரிவு அங்கே புதிது அன்று. தலைமுறைக்குத் தலைமுறை எங்காவது ஒரு சரிவு நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. ஆனால் சரிந்து அமர்ந்த நிலம்தான் செங்குத்து மலையில் சற்றே சாய்வான இடத்தைத் தரும். அதன் மண் மென்மையானது, நீரும் அதில் ஊறும். படிக்கட்டு வயல்களும் அவற்றோடு பின்னிக் கிடக்கும் மீன்குளங்களும் பெரும்பாலும் அந்தப் பழைய சரிவுகளின் மேல்தான் அமைந்தவை. எது ஊரை அழிக்குமோ அதுவே ஊருக்குச் சோறு போட்டது என்ற இந்த நிலையை மறந்துவிட்டு, ‘ஆபத்தான இடத்தில் ஏன் வாழ்ந்தார்கள்’ என்று கேட்பதில் பொருளில்லை.

குளிர்காலத்தில் மூன்று மீட்டருக்கும் மேல் பனி கொட்டும். அந்த மாதங்களுக்கான புரதமாக வயல்நீர்க் குளங்களில் கெண்டை மீன் வளர்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் கெண்டைகளிடையே நிறம் மாறிய சில குஞ்சுகள் தோன்ற, அவற்றைப் பிரித்து இனம் சேர்த்தார்கள். இன்று உலகெங்கும் தோட்டக் குளங்களில் நீந்தும் ‘நிஷிகிகோய்’ என்னும் வண்ணக் கெண்டை இங்கிருந்தும் இதைச் சுற்றியுள்ள மலை ஊர்களிலிருந்தும் பிறந்தது. 1914இல் தோக்கியோவில் நடந்த கண்காட்சியில் அவை வைக்கப்பட்ட பிறகே வெளியுலகம் அவற்றை அறிந்தது.

மலையில் சுமை இழுத்த காளைகளைக் கொண்டு நடத்தும் ‘சுனோத்சுகி’ என்னும் காளை மோதல் இன்னொரு மரபு. 1978இல் இது நாட்டின் முக்கியமான நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. இதில் வெற்றி தோல்வி கிடையாது. இரண்டு காளைகளும் கொம்பு கோத்து, ஒன்று தளரத் தொடங்கும் கணத்துக்குச் சற்று முன்பே, ‘செகோ’ எனப்படும் ஆட்கள் உள்ளே பாய்ந்து பின்னங்காலில் கயிற்றை மாட்டி இழுக்க, இன்னொருவர் தாவிச் சென்று மூக்கைப் பிடித்து நிறுத்துவார். தோற்ற காளை அடுத்த முறை மோத மறுக்கும் என்பதும், பக்கத்து வீட்டுக்காரன் தன் காளை தோற்றதைப் பார்த்துக்கொண்டு அதே பனிக்காலத்தை உங்களோடு கழிக்க வேண்டும் என்பதும் இந்த வழக்கத்துக்குச் சொல்லப்படும் விளக்கங்கள். இரண்டாவது விளக்கம் எனக்கு அதிகம் பொருந்துவதாகத் தோன்றுகிறது.

தாமே தோண்டிய சுரங்கம்

கிராமத்தின் இயல்பை அறிய ஒரு பழைய நிகழ்வு உதவும். கிழக்கு ஓரத்திலுள்ள கொமாட்சுகுரா என்ற சிற்றூருக்குப் பனிக்காலத்தில் வெளியே செல்ல ஒரே வழி, மலைக்கணவாயை நடந்து கடப்பதுதான். நோயாளியைத் தூக்கிக்கொண்டு பனியில் ஏறியவர்கள், மருத்துவரிடம் சேரும் முன்பே அவரை இழந்த அனுபவங்கள் அந்த ஊருக்கு உண்டு. 1933 நவம்பரில் ஊரார் குந்தாலியை எடுத்துத் தாமே மலையைக் குடையத் தொடங்கினார்கள். போர் நடுவில் வேலையை நிறுத்தியது. 1949 மே மாதத்தில் மறுபக்கம் திறந்தது. ஏறத்தாழ 900 மீட்டர் நீளமுள்ள இந்த நகயாமா சுரங்கம், மனிதக் கைகளால் மட்டும் தோண்டப்பட்டவற்றில் ஜப்பானிலேயே மிக நீளமான ஒன்றாகக் கருதப்படுகிறது. 1998இல் புதிய சுரங்கப் பாதை வரும் வரை இது புழக்கத்தில் இருந்தது. உள்ளே போனால் சுவரெங்கும் குந்தாலி கொத்திய தடங்களை இன்றும் விரலால் தொட்டுப் பார்க்கலாம்; சாந்து பூசி மறைக்கப்படாத அந்தத் தடங்கள் ஒவ்வொன்றும் ஒரு கைவீச்சின் அளவுக்கே ஆழமானவை.

இதை ஒற்றுமையின் கதையாக மட்டும் சொல்வது சரியாகாது. தோண்டுவதா வேண்டாமா என்பதில் ஊர் இரண்டுபட்டது. எதிர்த்தவர்கள் வீண் உழைப்பு என்றார்கள். இந்தப் பிளவையும் தாண்டி வேலை நடந்தது என்பதைவிட, பிளவுபட்டவர்கள் அதற்குப் பின்னும் ஒரே ஊரில் பனியை அள்ளிக்கொண்டிருந்தார்கள் என்பதே இந்த ஆய்வுக்கு வேண்டியது. நிலநடுக்கத்துக்குப் பிறகு ‘திரும்புவதா, நகரிலேயே தங்குவதா’ என்ற கேள்வி எழுந்தபோது, கருத்து வேறுபாட்டோடு சேர்ந்து இருக்கும் இந்தப் பழக்கம் கைகொடுத்தது.

நிலநடுக்கத்துக்கு முன் கண்ட அறிகுறிகள்

1960களின் பொருளாதார வளர்ச்சிக்குப் பிறகு மற்ற மலைக் கிராமங்களுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. முதலில் ஆண்கள் பனிக்காலத்தில் மட்டும் நகரங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். பிறகு பிள்ளைகள் படிக்கப் போய்த் திரும்பாமல் இருந்தார்கள். 2004இல் ஏறத்தாழ 690 குடும்பங்களும் 2,200 மக்களும் இருந்தார்கள். இது 1956இல் இருந்ததில் பாதிக்கும் குறைவு. மூன்றில் ஒருவர் 65 வயதைக் கடந்தவர். நகாவோகாவோடு இணைவது என்ற முடிவும் நிலநடுக்கத்துக்கு முன்பே எடுக்கப்பட்டதுதான். கிராமம் தேய்ந்துகொண்டிருந்தது என்பது அடிப்படை உண்மை. பின்விளைவுகளை அளக்கும்போது இதை ஒதுக்கிவிட்டு அளக்கக் கூடாது.

2004 அக்டோபர் 23, மாலை 5.56

மூன்று நாள் முன்பு, அக்டோபர் 20 அன்று, ஆண்டின் 23ஆம் சூறாவளி பெருமழையைக் கொண்டுவந்து மலைகளை நனைத்துவிட்டுச் சென்றிருந்தது. ஊறிய மண்ணை 6.8 அளவுள்ள சூயெத்சு நிலநடுக்கம் உலுக்கியது. நில அதிர்வு மையம் கிராமத்துக்கு அருகிலேயே இருந்தது. முதல் அதிர்வுக்குப் பின் சில மணி நேரத்துக்குள் பலத்த பின்னதிர்வுகள் அடுத்தடுத்து வந்தன. மின்சாரம் போயிற்று, தொலைபேசி போயிற்று. வெளியே செல்லும் சாலைகள் எல்லாம் சரிந்தோ புதைந்தோ துண்டிக்கப்பட்டன. பதினான்கு சிற்றூர்களும் வெளியுலகிலிருந்து மட்டுமன்றி ஒன்றிலிருந்து ஒன்றும் துண்டிக்கப்பட்டதால், கிராம அலுவலகத்துக்கே தன் கிராமத்தின் நிலை தெரியாமல் இருந்தது. அன்றிரவைப் பெரும்பாலோர் வெட்டவெளியிலும் வண்டிகளிலும் கழித்தார்கள்.

மறுநாள் தெரிந்துகொண்டவை: ஏறத்தாழ பாதி வீடுகள் குடியிருக்கத் தகுதியற்றவையாக இடிந்திருந்தன. வயல்கள் வெடித்துப் பிளந்திருந்தன. குளங்கள் உடைந்து நீர் வடிந்திருந்தது. மின்சாரம் இல்லாமல் காற்றூட்டும் கருவிகள் நின்றதால் கெண்டைகள் செத்தன. கிராமத்தின் நடுவே ஓடும் இமொ ஆற்றில் சரிந்த மண் பல இடங்களில் குறுக்கே விழுந்து அணை கட்டியிருந்தது. அவற்றுள் ஹிகாஷிதகெசாவாவிலும் தெரானோவிலும் விழுந்தவை மிகப் பெரியவை. நீர் பின்னால் தேங்கி ஏறத் தொடங்கியது. மண் அணை உடைந்தால் கீழே உள்ள ஊர்களை வெள்ளம் அடித்துச் செல்லும். உடையாவிட்டால் மேலே உள்ள வீடுகள் மூழ்கும்.

முதல் முடிவு: ஒருவரையும் விடாமல் வெளியேறுவது

அக்டோபர் 24 அன்று கிராமத் தலைவர் கிராமம் முழுவதையும் வெளியேற்ற முடிவு செய்தார். சாலை இல்லாததால் தற்காப்புப் படையின் ஹெலிகாப்டர்களே வழி. 25ஆம் தேதிக்குள் மக்கள் நகாவோகாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

இந்த முடிவு எளிதாக ஏற்கப்பட்டது என்று நினைக்கக் கூடாது. வீடு இடியாதவர்களும் இருந்தார்கள். தொழுவத்தில் கட்டிய மாட்டையும் குளத்தில் விட்ட மீனையும் விட்டுப் போவது, பலருக்கு முதலையும் சேமிப்பையும் ஒருசேரக் கைவிடுவதாக இருந்தது. சேதமில்லாத சிற்றூர்களை விட்டுவைத்து மற்றவற்றை மட்டும் வெளியேற்றும் வழியும் இருந்தது. ஆனால் பனிக்காலம் ஐந்து வாரத் தொலைவில் இருந்தது. சாலையும் மின்சாரமும் இல்லாமல் மலையில் சிக்கும் முதியவர்களைப் பிறகு மீட்க முடியாது. அதோடு, சிலர் மட்டும் தங்கினால் கிராமம் ‘போனவர், இருந்தவர்’ என்று இரண்டாகப் பிரியும். எல்லோரும் சேர்ந்து போனால் எல்லோரும் சேர்ந்து திரும்புவது பற்றிப் பேச முடியும். பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான் என்றாலும், பின்னாளில் இதன் பெரிய பயன் இதிலேயே இருந்தது என்பது என் கணிப்பு.

பிறகு மக்கள் சில மணி நேரத்துக்கு மட்டும் ஹெலிகாப்டரில் வந்து பொருள்களை எடுத்துச் செல்ல அனுமதி கிடைத்தது. உயிர் பிழைத்த காளைகளும் கெண்டைகளும்கூட வான்வழியே வெளியேற்றப்பட்டன. மீட்புப் பணியில் கால்நடைக்கு ஹெலிகாப்டர் செலவிடுவது வீண் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். இனப்பெருக்கத்துக்கான தாய்க் கெண்டைகளும் மோதல் காளைகளும் அழிந்திருந்தால், திரும்பிப் போய்ச் செய்வதற்குத் தொழிலே இருந்திருக்காது.

இரண்டாம் முடிவு: படுக்கைகளை மாற்றியது

நகாவோகாவில் பள்ளிகளும் பொதுக் கூடங்களும் முகாம்களாயின. ஹெலிகாப்டர் எந்த வரிசையில் வந்திறங்கியதோ அந்த வரிசையில் மக்கள் முகாம்களில் நிரப்பப்பட்டார்கள். ஒரே சிற்றூரின் மக்கள் வெவ்வேறு முகாம்களில் சிதறினார்கள். யார் எங்கே இருக்கிறார், யாருக்கு என்ன மருந்து வேண்டும், யார் சாப்பிடவில்லை என்பதைச் சொல்ல வல்லவர் பக்கத்து வீட்டுக்காரர். அவர் நகரின் இன்னொரு மூலையில் இருந்தார்.

நவம்பர் தொடக்கத்தில் கிராம நிர்வாகம் ஒரு காரியம் செய்தது. தற்காலிக வீடுகள் சில வாரங்களில் வரப்போகின்றன என்று தெரிந்தும், களைத்திருந்த மக்களை மீண்டும் ஒருமுறை எழுப்பி, முகாம்களுக்கிடையே இடம் மாற்றி, சிற்றூர் வாரியாக ஒன்றாக அமர்த்தியது. சில வாரங்களுக்காக இத்தனை பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது.

அதற்கான விடை கோபேயில் இருந்தது. 1995இல் ஹன்ஷின் பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு, தற்காலிக வீடுகள் முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் முன்னுரிமை தந்து குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் நியாயமான அந்த முறை, முதியவர்களை முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் தனியே குடியமர்த்தியது. தற்காலிக வீடுகளில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்டோர் யாரும் அறியாமல் தனியே இறந்து கிடந்தார்கள். தனிமைச் சாவு எனப் பொருள்படும் ‘கொதொகுஷி’ என்ற சொல் அப்போதுதான் நாடு முழுவதும் பரவியது. நகாவோகாவில் முடிவெடுத்தவர்களுக்கு இது பழங்கதை அல்ல, பத்தாண்டுக்குள் நடந்தது.

முகாமில் ஊர் ஒன்றுகூடியதும் கூட்டம் போட முடிந்தது. ஊர்த் தலைவர்கள் தங்கள் மக்களின் கருத்தைக் கேட்டுச் சொல்ல முடிந்தது. தற்காலிக வீடுகளை ஒதுக்கும் வேளை வந்தபோது, சிற்றூர் வாரியாகத்தான் ஒதுக்க வேண்டும் என்பதை யாரும் வாதிட்டுப் பெற வேண்டியிருக்கவில்லை. அது ஏற்கெனவே நடைமுறையாகிவிட்டிருந்தது. மூன்றாண்டுக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடமாற்றம்தான். பெரிய திட்டங்களின் பட்டியலில் இது பெரும்பாலும் ஒரு வரியைக்கூடப் பெறுவதில்லை.

மலையை நகருக்குக் கொண்டுவந்த வரிசை வீடுகள்

2004 டிசம்பரில் நகாவோகாவின் புறநகர்க் குடியிருப்புப் பகுதியில் தற்காலிக வீடுகளுக்கு மக்கள் குடிபெயர்ந்தார்கள். ஒரு சிற்றூர் ஒரு பகுதி என்று வீடுகள் அமைந்தன. நடுவே கூடிப் பேசும் மண்டபம் இருந்தது. மலையில் இருந்த மருத்துவ நிலையமும் காவல் நிலையமும் அங்கேயே கிளை திறந்தன. பக்கத்தில் காய்கறி பயிரிட நிலத்துண்டுகள் தரப்பட்டன. வயதானவர்களுக்கு இந்த நிலம் வருமானத்துக்கானது அல்ல. காலையில் எழுந்து போக ஓர் இடம், பக்கத்துப் பாத்தியில் குனிந்திருப்பவரிடம் பேச ஒரு சாக்கு. வாழ்நாள் முழுவதும் மண்ணில் வேலை செய்த ஒருவரை ஒற்றை அறையில் தொலைக்காட்சிக்கு முன் உட்காரவைத்தால் உடல் எவ்வளவு சீக்கிரம் தளரும் என்பதைச் செவிலியர்கள் நன்றாக அறிவார்கள்.

இதற்கிடையில் 2005 ஏப்ரல் 1 வந்தது. கிராமம் நகராட்சிக்குள் கரைந்தது. கிராம அலுவலகம் கிளை அலுவலகமானது. நிலநடுக்கம் காரணமாக இணைப்பைத் தள்ளிப்போடவில்லை. பெரிய நகராட்சியின் பணமும் பொறியாளர்களும் கிடைத்தது லாபம். தமக்கென முடிவெடுக்கும் கிராம மன்றம் இல்லாமல் போனது இழப்பு. ‘யமகோஷிக்குத் திரும்புவோம்’ என்ற முழக்கம் கிராமம் கலைக்கப்படும் முன்பே வகுக்கப்பட்டிருந்ததால், புதிய நிர்வாகம் அதை மரபுரிமைபோல ஏற்க வேண்டியதாயிற்று. இணைப்புக்குப் பிறகு அதே முழக்கம் எழுந்திருந்தால் ஒரு பெருநகரின் பட்ஜெட்டில் அது எத்தனையாவது இடத்தில் நின்றிருக்கும் என்று சொல்வது கடினம்.

மூன்றாம் முடிவு: நகரத்திலா, மலையிலா

அந்நாளில் ஜப்பானியச் சட்டம் இரண்டு பாதைகளைக் காட்டியது. ஆபத்தான இடத்திலிருந்து மொத்தமாகக் குடியிருப்பை மாற்றப் பயன்படும் கூட்டு இடமாற்றத் திட்டம் ஒன்று. பழைய குடியிருப்பை அதே இடத்திலோ அருகிலோ சீர்செய்து அமைக்கும் சிறு குடியிருப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் மற்றொன்று. அண்டையிலுள்ள ஒஜியா நகரின் மலைச் சிற்றூர்கள் சில முதல் பாதையைத் தேர்ந்து சமவெளிக்கு இறங்கின. அவற்றுள் ஜூனிதைரா என்ற ஊர் முழுவதுமாக இறங்கிவிட்டது. பின்னர் ஊரார் பழைய இடத்தில், இங்கே ஓர் ஊர் இருந்தது என்பதைத் தங்கள் பேச்சுமொழியிலேயே பொறித்த கல்லை நட்டார்கள். யமகோஷி இரண்டாம் பாதையைத் தேர்ந்தது.

தேர்வுக்குக் காரணம் ஊர்ப்பாசம் மட்டுமல்ல. கெண்டை வளர்ப்புக்கு அந்த மலைக்குளங்கள் வேண்டும். நகரின் புறநகர் மனையில் அது நடக்காது. தொழில் இடத்தோடு கட்டப்பட்டிருந்தது. ஒஜியாவின் ஊர்கள் தவறு செய்தன என்று இதற்குப் பொருளில்லை. சிறிய ஊர், சாலை மீட்பு நெடுங்காலம் பிடிக்கும் நிலை, நகரில் ஏற்கெனவே வேலை செய்யும் இளைய தலைமுறை என்று அவர்களின் கணக்கு வேறு.

பாதிப்பு மிகுந்த நரநோகி, இகெதானி, ஓகுபோ, கொகொமோ, கஜிகனே, யூபு என்னும் ஆறு சிற்றூர்களுக்குத் தனித்தனியே திட்டம் வகுக்கப்பட்டது. சில, இருந்த இடத்திலேயே மனைகளைத் திருத்திக்கொண்டன. கொகொமோவின் நிலை வேறு. இமொ ஆறு அடைபட்டுத் தேங்கிய நீரில் அதன் வீடுகள் மெதுவாக மூழ்கின; அதிர்வில் இடியாமல் நின்ற வீடுகளையும் ஆள் வெளியேறிய பிறகு தண்ணீர் எடுத்துக்கொண்டது. நீரை வடித்த பின்னும் வண்டல் தரைத்தளம் அளவுக்கு நிரம்பிக் கிடந்தது. ஊரார் அதே பள்ளத்தாக்கின் மேற்சரிவில் புதிய மனைகளில் குடியேறினார்கள். கீழே, கூரையும் மேற்பகுதியும் மட்டும் சேற்றுக்கு மேலே தெரிய நின்ற வீடுகளில் சிலவற்றை அகற்றாமல் விட்டார்கள். புதிய வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பழைய வீட்டின் கூரை தெரியும். இதை அப்படியே வைத்திருப்பதா என்பது ஊராரே பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயமாக இருந்தது. பார்வையாளர்களுக்கு நினைவிடம் என்பது, அங்கே சமைத்து உண்டவருக்கு வேறொன்று.

சொந்தமாக வீடு கட்ட இயலாத முதியோருக்காக, நகரில் அடுக்குமாடி கட்டித் தராமல், சிற்றூர்களுக்குள்ளேயே சில சிறிய மர வீடுகளைப் பொது வாடகை வீடுகளாகக் கட்டினார்கள். பனி தானாகச் சரியும் கூரையும் உயர்த்திய அடித்தளமும் கொண்டவை அவை.

நிதியம் நிரப்பிய சந்துகள்

அரசின் மீட்பு விதிகள் சாலைக்கும் பாலத்துக்கும் ஆற்றுக்கும் தாராளமானவை. சிறு வயல் உடைந்தால் சேதத் தொகை 4 லட்சம் யென்னை எட்டாதவரை அவை கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. மலை வயல் ஒன்றின் வரப்பு சரிந்ததற்கு அந்தத் தொகை எங்கே வரும்? 2005 மார்ச்சில் நீகாட்டா மாகாணம் 30,000 கோடி யென் மூலதனத்தில் ஒரு மீட்பு நிதியம் அமைத்து, அதன் வட்டியாகப் பத்தாண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 6,000 கோடி யென்னைச் செலவிட ஏற்பாடு செய்தது. வட்டிப் பணம் என்பதால் அரசு விதிகளின் இறுக்கம் அதற்கு இல்லை. கையால் திருத்தும் சிறு வயல்களுக்கு அதிலிருந்து உதவி கிடைத்தது.

இன்னொரு பயன் சற்றும் எதிர்பாராதது. ஜப்பானின் அரசமைப்பு மதத்தையும் அரசையும் பிரிப்பதால், இடிந்த ஊர்க்கோயிலுக்குப் பொதுப்பணம் தர முடியாது. நிதியமோ, அதை மதத் தலமாகக் கொள்ளாமல் ஊரார் கூடும் இடமாகக் கொண்டு சீரமைப்புக்கு உதவியது. சட்ட நுணுக்கம் என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் திருவிழா எங்கே நடக்கும் என்று தெரியாத ஊருக்குத் திரும்பி வருமாறு யாரை அழைப்பது? 2007 முதல், வெளியிலிருந்து வந்து ஊர்களோடு தங்கி வேலை செய்யும் உதவிப் பணியாளர்களுக்கும் நிதியம் சம்பளம் தந்தது. சிறிய தொகைகள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இந்நிதியம் அளவுக்கு நல்ல சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை.

திரும்புதலும் அதற்குப் பின்னும்

வெளியேற்ற ஆணை ஒரேயடியாக நீக்கப்படவில்லை. சாலை திறந்த சிற்றூர்களுக்கு முதலிலும், ஆறு சிற்றூர்களுக்கு இறுதியாக 2007 ஏப்ரல் 1 அன்றும் அது நீங்கியது. இடையில் 2005–06 குளிர்காலத்தின் கடும்பனி, நிலநடுக்கத்தில் தப்பிய பலவீனமான வீடுகளை அழுத்தி இடித்தது. இரண்டாண்டுக்கு என வகுத்த தற்காலிக வீட்டுக் காலம் மூன்றாண்டாக நீட்டிக்கப்பட்டு, 2007 டிசம்பர் இறுதியில் கடைசிக் குடும்பங்கள் வெளியேறின.

தொடக்கத்தில் பத்தில் ஒன்பது பேர் திரும்ப விரும்புவதாகச் சொன்னார்கள். இறுதியில் ஏழு பேர் திரும்பினார்கள். வராதவர்களில் பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் முக்கியமானவை. மூன்றாண்டு என்பது ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டை எட்டிவிடும் காலம். அதற்குள் நகரப் பள்ளியும் நகர வேலையும் வேரூன்றிவிடும்.

காளை மோதல், நகரில் தற்காலிக அரங்கில் நடந்து, பிறகு மலைக்கே திரும்பியது. கெண்டைப் பண்ணைகள் மீண்டன. 2009இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து அல்பாக்காக்கள் யூபுவுக்கு வந்தபோது சிரித்தவர்கள் உண்டு. ஆனால் அவற்றைப் பார்க்க வந்த கூட்டத்தால் ஊர்ப் பெண்கள் காய்கறி விற்க ஒரு சந்தை உருவானது. 2013 அக்டோபரில், நிலநடுக்கத்தின் ஒன்பதாம் ஆண்டு நிறைவு நாளில், ‘ஓராதாரு’ என்னும் நினைவு மையம் திறக்கப்பட்டது. உள்ளூர்ப் பேச்சில் அதற்கு ‘நம்ம இடம்’ என்று பொருள்.

மக்கள்தொகையோ குறைந்துகொண்டேதான் இருந்தது. 2021இல் ஏறத்தாழ 800 பேர். அந்த ஆண்டு டிசம்பரில் ஊரார் அமைப்பு ஒன்று, வண்ணக் கெண்டை ஓவியத்தை மின்னணு உரிமைச் சான்றாக விற்று, வாங்கியவர்களை ‘டிஜிட்டல் கிராமத்தார்’ என அழைத்தது. அவர்களின் எண்ணிக்கை விரைவில் உண்மையான குடிமக்களின் எண்ணிக்கையைத் தாண்டியது. அவர்களில் சிலர் பனி அள்ள நேரில் வந்திருக்கிறார்கள். இதை விளம்பரம் என்று தள்ளவும் மனமில்லை, மீட்சி என்று கொண்டாடவும் மனமில்லை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலாவது, முகாம்களின் இடமாற்றம் தேவைப்படாமலே செய்திருக்கலாம். ஹெலிகாப்டரில் ஏற்றும் இடத்திலேயே சிற்றூர் வாரியாகப் பட்டியல் எடுத்து, இறங்குமிடத்தில் அதன்படி முகாம் ஒதுக்கினால், ஒரு வாரத்துச் சிதறலைத் தவிர்க்கலாம். மீட்பின் அவசரத்தில் நோயாளிகளும் முதியவர்களும் முந்துவது சரியே; அவர்களோடு அவர்களின் ஊர்ப் பெயரும் போக வேண்டும்.

இரண்டாவது, பள்ளி. வீடுகளும் சாலைகளும் முடியும் வரை காத்திருக்காமல், மலைக்கு மிக அருகில் முதலில் திறக்கக்கூடிய சிற்றூரில் வகுப்புகளைத் தொடங்கித் தினமும் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது கடினம்தான், செலவும்தான். இருந்தாலும் திரும்பாத மூன்று பங்கில் யார் அதிகம் இருந்தார்கள் என்று பார்த்தால் அந்தச் செலவைத் தவிர்த்ததன் விலை தெரிகிறது.

மூன்றாவது, கேட்ட கேள்வி. ‘திரும்புவீர்களா, மாட்டீர்களா’ என்று இரண்டு கட்டங்கள் மட்டும் உள்ள தாளில், நகாவோகாவில் வீடு கட்டிக்கொண்டு வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை தினமும் மலைக்கு வந்து வயலும் குளமும் பார்க்கும் குடும்பத்துக்கு இடமில்லை. அவர்கள் எண்ணிக்கையில் ‘திரும்பாதவர்’. ஆனால் வரப்பு வெட்டும் நாளில் ஆளாக நிற்பவர்கள் அவர்கள். மோதல் காளையை வளர்ப்பவர்களில் சிலரும் அவர்களே. இவர்களுக்கென மலையில் ஒரு சிறு தங்குமிடமும், கருவிகளை வைக்க ஒரு கொட்டிலும், ஊர்க்கூட்டத்தில் வாக்குரிமையும் முதல் ஆண்டிலேயே திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். பனி விழத் தொடங்கும் நாளில் அவர்கள் கொட்டிலைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்குவார்கள். ஏப்ரலில், குளங்களின் ஓரம் உருகத் தொடங்கும்போது மறுபடி மேலே வருவார்கள்.